தாய்மாமன் சீரில் ஒரு பைப்புத் துண்டு

கோமாளி மீனைப் பையோடு வாங்கி வந்து, பையைக் கத்தரித்து, தொட்டியில் கவிழ்க்க எவ்வளவு நேரம் ஆகும்? நான் வேலை பார்த்த கடையின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு வீடியோ வந்தது. பின்னால் பாட்டு ஓட ஒருவர் சிரித்துக்கொண்டே அதைச் செய்து காட்டுகிறார். பாட்டு முடிவதற்குள் மீன் தொட்டிக்குள் போய்விடுகிறது. அதற்குக் கீழே, கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தமீம், "சோலையண்ணே, கஸ்டமரெல்லாம் இதக் காட்டித்தான் கேக்குறாக, எதுக்கு ஒரு மாசம் தனியா வெக்கச் சொல்றீகன்னு. என்ன பதில் சொல்ல?" என்று கேட்டிருந்தான்.

குழுவில் எழுதினால் ஆளுக்கொரு கட்டைவிரல் படம் போட்டுவிட்டு எவனும் படிக்க மாட்டான். எனக்கோ இப்போது வேலையும் இல்லை, பேசுவதைக் கேட்க வீட்டில் ஆளும் இல்லை. என் மனைவி நான் தொண்டையைச் செருமினாலே அடுப்படிக்குப் போய்விடுகிறாள். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் சோலைமலை, ஊர் கீழக்குயில்குடி. மீன் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் மதுரையில் பரோட்டா மாஸ்டராக இருந்தேன். அடுப்பு அனலில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாட்டுத்தாவணிப் பக்கம் கடல் மீன் வளர்க்கிற தொட்டிக் கடையில் ஆள் கேட்கிறார்கள், உள்ளே ஏசி ஓடும் என்று ஒருவர் சொன்னார். ஏசி என்றதும் நான் வேறு எதுவும் விசாரிக்கவில்லை.

கடை முதலாளியம்மா பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பல வருஷம் நர்ஸாக இருந்தவர். மீன் கடை அவர் கணவரின் ஆசை. கணவருடைய ஆசை பிறகு புறாக்களின் பக்கம் போய்விட்டது. பாதியில் நின்ற கடையை, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து இவர் எடுத்து நடத்தினார். ஊரே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும்.

சிஸ்டர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். சாதாரணமாகப் பேசினால் எல்லாம் நலம். காதைக் கிட்டே கொண்டுபோய்த்தான் கேட்க முடிகிறது என்றால் அன்றைக்கு யாரோ தொலைந்தார்கள் என்று அர்த்தம். எல்லாரையும் 'நீங்க' என்றுதான் சொல்வார். அந்த 'நீங்க'வில் திட்டு வாங்குவதற்குப் பதில், பழைய பரோட்டாக் கடை முதலாளியிடம் அம்மா அப்பாவை இழுத்துத் திட்டு வாங்கிவிடலாம். மீன்களைப் 'பிள்ளைகள்' என்பார். வாங்க வருகிறவர்களை, நோயாளியோடு கூட வந்தவர்களைச் சொல்கிற மாதிரி, 'அட்டெண்டர்' என்பார். பிள்ளைகள்மேல் அவருக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. அட்டெண்டர்கள்மேல் வராத நாளில்லை.

என் பயிற்சிக்காலத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கை கழுவினேன், அவ்வளவுதான். பரோட்டா மாவும் எண்ணெயும் ஊறின கை. தொட்டியில் விட்டால் தண்ணீருக்கு மேலே எண்ணெய்ப் படலம் மினுங்கியது. காலையில் வந்ததும் கையை நீட்டச் சொல்லி முகர்ந்து பார்ப்பார். "இன்னும் சால்னா வாசம் வருது, சோலைமலை. போய்க் கழுவிட்டு வாங்க." கழுவிக் கழுவிக் கைரேகையே அழிந்துவிடும்போல் ஆனபிறகுதான் பின்னறைக்குள் விட்டார்.

அந்தப் பின்னறைக்குப் பெயர் வார்டு. புதிதாக வருகிற எந்த மீனும் முதலில் அங்கேதான் இருக்க வேண்டும். கடை முன்பக்கத்துத் தொட்டிகள் பாறையும் விளக்குமாகக் கல்யாண மண்டபம் போல ஜொலிக்கும். வார்டில் அதெல்லாம் கிடையாது. வெறும் கண்ணாடித் தொட்டி, அடியில் மணல்கூட இல்லை. காற்றுக் குழாயில் ஒரு பஞ்சு வடிகட்டி. மீன் ஒளிந்துகொள்ளப் பிளாஸ்டிக் பைப்புத் துண்டு ஒன்றிரண்டு, வீட்டில் தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற அதே பைப்பு. மேலே மூடி, ஏனென்றால் கோமாளி மீன் துள்ளிக் குதித்துத் தரையில் கிடக்கும். வார்டு வலை வேறு, வாளி வேறு, துடைக்கிற துணி வேறு. வார்டில் கை விட்டவன் கழுவாமல் முன்பக்கம் போனால் அன்றைக்கு சிஸ்டர் குரல் சுத்தமாகக் கேட்காது.

இவ்வளவு எதற்கு என்றால், கடலிலிருந்தோ பண்ணையிலிருந்தோ பல கை மாறி வருகிற மீன், தன்னோடு நோயையும் கொண்டுவரும். வந்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள், சில வாரம் கழித்துத்தான் வெளியே காட்டும். அதற்குள் அழகுத் தொட்டியில் விட்டுவிட்டால், அங்கே பாறையில் ஒட்டி வாழ்கிற சின்ன உயிர்கள், பவளம், இறால் எதற்கும் மருந்து ஒத்துக்கொள்ளாது. மருந்து ஊற்றினால் அவை சாகும், ஊற்றாவிட்டால் மீன் சாகும்.

மீனை இறக்குவதும் ஒரு சடங்குதான். சென்னையிலிருந்து பஸ் பார்சலில் பெட்டி வரும். விளக்கை அணைக்கச் சொல்வார். பையைப் பிரிக்காமல் வார்டுத் தொட்டியில் மிதக்க விட்டு, சூடு சமமாகும்வரை பேசாமல் நிற்க வேண்டும். எனக்கு அதுதான் கஷ்டம். பிறகு மீனைப் பைத் தண்ணீரோடு ஒரு வாளியில் இறக்கி, ஒரு சொட்டு எடுத்து, கண்ணில் வைத்து உப்புப் பார்க்கிற கருவியில் பார்ப்பார். அதன்பின் அலமாரியிலிருந்து, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற அசல் டிரிப் செட்டை எடுப்பார். அதன் சின்னச் சக்கரத்தை உருட்டி, தொட்டித் தண்ணீர் வாளிக்குள் சொட்டுச் சொட்டாக விழ வைப்பார். வாளித் தண்ணீரின் உப்பும் தொட்டியின் உப்பும் ஒன்றாகும்வரை சொட்டும். அப்புறம் மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடுவார். வாளித் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக் கூடாது. "பஸ்ல வந்த தண்ணி பஸ்ஸோட போகட்டும்" என்று சொல்லிக்கொண்டே சாக்கடையில் ஊற்றுவார்.

கடல் இல்லாத ஊரில் கடல் மீன் விற்பது லேசான காரியமில்லை. திருமங்கலத்துக்காரர் ஒருவர் மீனைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டு, உப்புத் தண்ணீர் தனியாகக் கலக்க வேண்டும் என்றதும் சிரித்தார். "அட என்னங்க சிஸ்டர், எங்க வீட்டு போர்த் தண்ணியே உப்புதான். சோப்புப் போட்டா நுரையே வராது. அதுல விட்டா ராசா மாதிரி இருக்கும்." "உங்க போர்ல துணியே வெளுக்கலைன்னா என் பிள்ளைகளை எதுக்குங்க அதுல விடுறீங்க?" என்று சிஸ்டர் மெதுவாகக் கேட்டார். மெதுவாக என்றால், திருமங்கலத்துக்காரர் "ஆங்? ஆங்?" என்று குனிந்து கேட்டார். மீன் வாங்காமலே போனார். போகும்போது என்னிடம், "அம்மாவுக்கு உடம்புக்கு முடியலையா, சத்தமே வரல?" என்று விசாரித்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கொட்டாம்பட்டியில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்த ராஜாங்கம் என்பவர் ஒருநாள் வந்தார். தங்கை தமிழரசியை ஒத்தக்கடையில் கட்டிக்கொடுத்திருந்தார். தங்கை மகள் யாழினிக்குக் காதுகுத்து வருகிறது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும், அதனால் அழைப்பு வந்திருக்கிறது. என்ன சீர் வேண்டும் என்று போனில் கேட்டதற்கு அந்தப் பிள்ளை, "ஆரஞ்சு மீனு, வெள்ளக் கோடு போட்டது, ரெண்டு" என்றிருக்கிறது. அதுதான் கோமாளி மீன்.

சாதாரண மாமன் என்றால் தொட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். இவருக்கு இது மானப் பிரச்சினை. தங்கை கல்யாணத்துக்கு இவர் கொடுத்த சீரில் ஒரு பீரோ இருந்தது. லாரியில் வந்ததில் அதன் பக்கவாட்டில் ஒரு ஒடுக்கு விழுந்துவிட்டது. தங்கையின் நாத்தனார் பாண்டியம்மாள், அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் பெரியக்கா, சபை நடுவே பீரோவைச் சுற்றி வந்து, ஒடுக்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "ஏம்ப்பா, இது சீரா, இல்ல பழைய இரும்புக்குப் போட வெச்சிருந்ததா?" என்று கேட்டுவிட்டார். கூட்டம் சிரித்தது. அன்றைக்கு வெளியே வந்தவர்தான், அதன்பிறகு ராஜாங்கம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

"பெரியக்கா சொன்னதுகூட எனக்குப் பெருசில்ல சிஸ்டர்" என்றார். "எந்தங்கச்சி பக்கத்துலதான் நின்னுச்சு. ஒரு வார்த்த சொல்லல. தலையக் குனிஞ்சுக்கிருச்சு. அதான் இன்னும் உள்ள கெடந்து அறுக்குது. இந்தத் தடவ சீருல ஒரு சின்னக் கீறல் இருக்கக் கூடாது."

தொட்டியை முன்கூட்டியே கொண்டுபோய் ஒத்தக்கடைப் புது வீட்டின் கூடத்தில் நான்தான் வைத்தேன். பாறை, மணல், விளக்கு எல்லாம் போட்டுத் தண்ணீரை ஓட விட்டோம். மீன் ஜோடி சீக்கிரமே வந்து, வார்டில் நாள் முடித்துவிட்டு, காதுகுத்து அன்றைக்குத் தொட்டியில் இறங்க வேண்டும் என்பது திட்டம். சென்னையில் மழை. பார்சல் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், விசேஷத்துக்கு முந்தின வாரம்தான் வந்தது. கடையில் வேறு கோமாளி மீனும் இல்லை.

ராஜாங்கம் ஆசையாக வார்டுக்குள் எட்டிப் பார்த்தார். "அப்ப ஞாயித்துக்கெழம எடுத்துக்குறேன்" என்றார்.

"இன்னும் ஒரு மாசம் ஆகும்" என்றார் சிஸ்டர்.

அவர் கெஞ்சினார், கும்பிட்டார், சாமி பெயரெல்லாம் சொன்னார். சிஸ்டர் குரல் இறங்கிக்கொண்டே போனது. "நேத்து அட்மிட் ஆன பேஷன்டுக்கு மாலை போட்டு ஊர்வலம் விடுவீங்களா?" ராஜாங்கம் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். டிராக்டர் எஞ்சினையே தனியாகத் தூக்குவேன் என்று என்னிடம் பீற்றிக்கொண்ட ஆள். எனக்கே சங்கடமாகிவிட்டது. ஏசியைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன், அதுதான் என்னால் முடிந்தது.

சிஸ்டர் அவரைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். பிறகு, "பிள்ளைகளை வார்டை விட்டு அனுப்ப மாட்டேன். வேணும்னா வார்டையே கொண்டு போங்க" என்றார்.

அதாவது, அந்த வெறும் தொட்டி, பஞ்சு வடிகட்டி, பைப்புத் துண்டு, மூடி எல்லாவற்றோடும் அப்படியே சீராகப் போக வேண்டும். அங்கே ஒரு தனி அறையில் மாதம் முடிகிறவரை இருக்க வேண்டும். கூடத்துப் பெரிய தொட்டி சும்மா ஓடிக்கொண்டிருக்கும். மீனைச் சீராகக் கொடுத்தவர்தான் தண்ணீர் மாற்ற வேண்டும். முக்கியமாக, வெடி போடக் கூடாது.

"வெடி இல்லாமச் சீரா!" என்று ராஜாங்கம் எழுந்தேவிட்டார். "ஊருல என்னைய என்ன நெனப்பாக? சரி சிஸ்டர், வெடி வேணாம். அந்தப் பைப்பையாச்சும் எடுத்துருங்க. பாக்க என்னமோ கக்கூஸ் வேலைக்குப் போற மாதிரி இருக்கு."

"பேஷன்டுக்கு மறைப்பு வேணும்" என்றார் சிஸ்டர். அத்தோடு பேச்சு முடிந்தது.

காதுகுத்து அன்று ஒத்தக்கடையில் தெருமுனைப் பிள்ளையார் கோவிலில் சீர் வரிசை கட்டியது. தெரு முழுக்கப் பிளக்ஸ். மருமகள் மீன் கேட்டிருக்கிறாள் என்று ராஜாங்கம் ஆர்வத்தில் பிளக்ஸ்காரரிடம் "மீன் படம் போடுங்க" என்று சொல்லியிருக்கிறார். அவர் தன்னிடம் இருந்ததிலேயே பெரிய மீனாகப் பார்த்து ஒரு திமிங்கலத்தைப் போட்டுவிட்டார். திமிங்கலத்தின் வாய்க்குப் பக்கத்தில் ராஜாங்கம் கும்பிட்டபடி நிற்க, 'சீர் கொண்டு வரும் தாய்மாமனை வருக வருக என வரவேற்கிறோம்' என்று இருந்தது.

முன்னால் கொட்டு மேளம். சிஸ்டர் சொன்னதற்காக மேளக்காரர்களை நூறடி தள்ளி நடக்க விட்டிருந்தார்கள். ஊர்வலம் முன்னால் போய்விட்டு, சீர் பின்னால் தனியாக வருகிற மாதிரி இருந்தது. தட்டுகளில் பட்டு, பழம், பலகாரம். கடைசியாக ஒரு தள்ளுவண்டியில் எங்கள் வார்டு. அதற்கு ஒரு பக்கம் நான், பேட்டரியில் ஓடும் காற்று மோட்டாரைக் கையில் பிடித்தபடி. மறுபக்கம் சிஸ்டர், யாராவது தொட வந்தால் கையில் ஊற்றச் சோப்புத் தண்ணீர்ப் பாட்டிலோடு. தொட்டிமேல் போட்டிருந்த பட்டுத்துணியைப் பந்தலுக்குள் போனதும் ராஜாங்கம் எடுத்தார்.

பெரியக்கா வந்தார். பீரோவைச் சுற்றி வந்த மாதிரியே தொட்டியையும் சுற்றி வந்தார். குனிந்தார். மீன்கள் இரண்டும் பயத்தில் பைப்புக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்தன. வெளியே தெரிந்தது பைப்பு மட்டும்தான்.

"ஏய்யா ராஜாங்கம்" என்றார் பெரியக்கா, பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி. "அப்ப ஒடுக்கு விழுந்த பீரோ. இப்பப் பிளம்பிங் பைப்பா? இம்புட்டு மேளம் கொட்டி இதத்தான் கொண்டாந்தியளா?"

சிரிப்புக் கிளம்பியது. ராஜாங்கம் முகம் கறுத்துவிட்டது. கை வேட்டி மடிப்பைப் பிடித்துக்கொண்டது. திரும்பி நடக்கத்தான் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு வாய் துறுதுறுத்தது. பரோட்டாக் கடையில் கற்ற அத்தனை வார்த்தையும் நுனிநாக்கில் வந்து நின்றது. சிஸ்டர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அப்போது தமிழரசி முன்னால் வந்தது. முகூர்த்தப் பட்டுக் கட்டியிருந்தது, கையில் ஆரத்தித் தட்டு.

"பைப்பு இல்ல மதினி. குச்சு. புள்ளைக சடங்கானா ஓலையில குச்சுக் கட்டித் தனியா உக்கார வெக்கிறது மாமன் மொறதானே? எங்கண்ணே மீனுக்கும் சேத்துக் குச்சுக் கட்டிக் கொண்டாந்திருக்கு. ஒரு மாசம் தனியா இருக்கணுமாம். எங்கண்ணே எதச் செஞ்சாலும் மொறையாத்தான் செய்யும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "அந்தப் பீரோலதான் மதினி இன்னைக்கும் என் சேலையெல்லாம் இருக்கு. நல்லாத்தான் மூடுது" என்றது.

பெரியக்காவுக்கு வாயடைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று பிறகு சமையல்காரர் சொன்னார். சிஸ்டருக்குக் குச்சுக் கட்டுகிற வழக்கமே பிடிக்காது. பெண்பிள்ளையை ஏன் மூலையில் உட்கார வைக்கிறீர்கள் என்று எத்தனையோ வீட்டில் சண்டை போட்டவர். அன்றைக்கு எச்சிலை விழுங்கிக்கொண்டு, "மீனுக்கு வெச்சா தப்பில்லை" என்று முணுமுணுத்ததோடு விட்டுவிட்டார்.

ராஜாங்கம் மடியில் உட்கார்ந்து யாழினி காது குத்திக்கொண்டது. அது அழுததைவிட அவர் அதிகம் அழுதார். ஆனால் அண்ணனும் தங்கையும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பந்தி ஆரம்பித்ததும் அவரைக் காணோம். கொட்டாம்பட்டிக்கு லோடு வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, அந்த வீட்டில் கை நனைக்காமல் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை என்ன லோடு? தங்கை இலை போட்டு வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் கை நனைத்தேன். இரண்டு தடவை நனைத்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து கூடத்தில் பெரிய தொட்டியைப் பார்த்தால் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாவிலையால் வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்த பெரியவர், தொட்டி மங்களகரமாக இருக்கட்டும் என்று செம்போடு உள்ளே ஊற்றியிருக்கிறார். வேறு ஒருவர், மீன் பாறைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, வாசத்துக்கு வெளியே வரும் என்று பூந்தியைப் போட்டிருக்கிறார். வரவில்லை என்றதும் கேசரி போட்டிருக்கிறார். தண்ணீர் மஞ்சளாக, முந்திரி மிதந்துகொண்டிருந்தது.

சிஸ்டர் அதைப் பார்த்தார். வீட்டுப் பின்னறையில் இறக்கி வைத்திருந்த வார்டில், பைப்புக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மீன்களையும் பார்த்தார். பெரியக்காவும் அவருக்குப் பின்னால் நின்று இரண்டையும் பார்த்தார். தொட்டியைக் கழுவியது நான்தான்.

தண்ணீர் மாற்றும் வேலை ராஜாங்கத்துடையது. கொட்டாம்பட்டியிலிருந்து வந்து, எங்கள் கடையில் கலந்து வைத்த உப்புத் தண்ணீரைக் கேனில் பிடித்துக்கொண்டு, திரும்பும் வழியில் ஒத்தக்கடையில் இறக்க வேண்டும். வருவார், கேட்டுக்கு வெளியே கேனை வைப்பார், ஆரன் அடிப்பார், போய்விடுவார். தண்ணீரை நான் மாற்றுவேன். வீட்டுக்குள் கால் வைக்கவே இல்லை.

மூன்றாவது வாரம் ஒருநாள், பக்கத்து வீட்டிலேயே இருக்கிற பெரியக்கா கடைக்குப் போன் பண்ணினார். "பெரிய மீனு ஒடம்புல தோலு உரியுது, மூச்சு வாங்குது. செத்துரும்போல. வெரசா வாங்க."

அதுதான் நான் பயந்துகொண்டிருந்தது. கோமாளி மீனுக்கென்றே வருகிற ஒரு நோய் அது. உடம்பில் வழுவழுப்பு வெள்ளையாகத் திரண்டு உரியும், மீன் தீனி எடுக்காது, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். கவனிக்காவிட்டால் ஓரிரு நாளில் முடிந்துவிடும். நானும் சிஸ்டரும் ஒத்தக்கடை போய்ச் சேர்வதற்குள் தங்கை அழுது முகம் வீங்கியிருந்தது. "எங்கண்ணே வெச்ச சீரு சிஸ்டர். இது செத்துச்சுன்னா அது இந்தப் பக்கம் இனிமே தலவெச்சுப் படுக்காது" என்றது.

சிஸ்டர் புடவைத் தலைப்பைச் செருகினார். ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார், கையுறை போட்டார். தனி வாளியில் உப்புத் தண்ணீர், அதில் அளந்து ஃபார்மலின் மருந்து, கொப்பளிக்கக் கொப்பளிக்கக் காற்று. மருந்துப் பாட்டிலை அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது. மீனை அதில் விட்டுவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு, கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். மீன் சாய்ந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். நேரம் முடிந்ததும் புதுத் தண்ணீர் நிரப்பிய வேறு தொட்டிக்கு மாற்றினார். பழைய தொட்டியைக் கழுவிக் காய வைத்தோம். இப்படியே விட்டு விட்டுப் பல தடவை. கூடத்துத் தொட்டியில் விட்டிருந்தால் இதில் எதையும் செய்திருக்க முடியாது.

இனி தினமும் கேன் கேனாகத் தண்ணீர் வேண்டும், உள்ளே கொண்டுவந்து ஊற்றவும் வேண்டும். ராஜாங்கத்துக்குப் போன் போட்டு சிஸ்டர் ரொம்ப மெதுவாக ஏதோ சொன்னார். அன்று கேட்டில் ஆரன் சத்தம் கேட்கவில்லை. தோளில் கேனோடு மனிதர் நேராக உள்ளே வந்தார்.

முதல் நாள் கேனை வைத்துவிட்டு நின்றபடியே தண்ணீர் குடித்தார். மறுநாள் மீனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "ஏய், தின்னுரு ஆத்தா, தின்னுரு" என்று அதனிடம் பேசினார். தங்கை கதவோரம் நின்று, மீனிடம் சொல்கிற மாதிரி, "வெயில்ல அலையுறாக, காப்பி போட்டு வெச்சிருக்கேன்னு சொல்லு" என்றது. அண்ணனும் மீனிடமே, "சீனி கொறச்சுப் போடச் சொல்லு" என்றார். நோயில் கிடக்கிற மீன், பாவம், இவர்களுக்கு நடுவில் தூது போனது. அதற்கப்புறம் ஒருநாள் நான் போனபோது அடுப்படியில் இலை போட்டு உட்கார்ந்திருந்தார். மீன் குழம்பு. எந்த மீன் என்று எனக்கு ஒரு நிமிஷம் பகீரென்றது. கடைத்தெருவில் வாங்கிய அயிரை என்றார்கள்.

பெரியக்காவும் மாறிப்போனார். கோமாளி மீனில் பெரியதுதான் பெண், சின்னது ஆண், பெண் சொல்வதைத்தான் ஆண் கேட்கும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். பெரியக்காவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. தொட்டிக்குப் பக்கத்தில் விளக்குமாற்றோடு உட்கார்ந்து, யார் கண்ணாடியைத் தட்டினாலும் அடிக்கப் போனார். "பொம்பள ஒடம்புக்கு முடியாமக் கெடக்கா, தட்டுறியே, ஒனக்கு அறிவிருக்கா?" அடி வாங்கியதில் அவர் கணவரும் உண்டு.

மீன் பிழைத்தது. பெரிய மீன் தீனியைப் பாய்ந்து தின்ற அன்றைக்கு ராஜாங்கம் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். எஞ்சின் தூக்குவது உண்மைதான் என்று தெரிந்துகொண்டேன்.

நோயினால் நாள் கூடிப்போய், கடைசியில் மீன்களைக் கூடத்துத் தொட்டிக்கு மாற்ற ஒரு நாள் வந்தது. நானும் சிஸ்டரும் டிரிப் செட்டோடு போயிருந்தோம். அடுப்படியில் அண்ணனும் தங்கையும் எதற்கோ சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியக்கா எங்களைப் பின்னறைக்குள் இழுத்து, கதவைச் சாத்தினார்.

"ஏங்க சிஸ்டரு, மீனு இந்தக் குச்சுலயே இன்னுங் கொஞ்ச நாளு இருக்கட்டுமே" என்றார். அவர் மெதுவாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். "பெருசுல விட்டுட்டா ராஜாங்கம் தெனமும் வர வேண்டியதில்லைல? அப்புறம் தீவாளி பொங்கல்னுதான் வரும். இவ கட்டிக்கிட்டு வந்து இத்தன வருசத்துல இப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. நாஞ் சொன்ன ஒரு சொல்லுனாலதான் அம்புட்டும். எனக்குத் தெரியாமயா இருக்கு?"

சிஸ்டர் டார்ச்சை எடுத்துத் தொட்டிக்குள் அடித்தார். இரண்டு மீன்களும் பைப்பை விட்டு வெளியே வந்து, தீனி போடு என்று கண்ணாடியில் முட்டின. அவ்வளவு தெளிவான நிறத்தில், அவ்வளவு திமிராக ஒரு ஜோடியை என் வேலைக்காலத்தில் நான் பார்த்ததில்லை. நாள் முடிந்த பிள்ளையை ஒரு மணி நேரம்கூடக் கூடுதலாக வார்டில் வைத்துக்கொள்ளாதவர் சிஸ்டர்.

டார்ச்சை அணைத்தார். கதவைத் திறந்து, அடுப்படிக்குக் கேட்கிற மாதிரி, நான் அதுவரை கேட்டிராத சத்தமான குரலில், "இன்னும் கொஞ்ச நாள் அப்சர்வேஷன்ல இருக்கட்டும். தண்ணி மட்டும் தினமும் மாத்தணும்" என்றார்.

"சரிங்க சிஸ்டர்" என்று உள்ளேயிருந்து ராஜாங்கத்தின் குரல் வந்தது. வாயில் சோறு இருந்தது. "நாளைக்கு வெள்ளனவே வாரேன்."

வண்டியில் திரும்பி வரும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் சிஸ்டர், மீனுக்கு இன்னும் என்ன?" என்று கேட்டேன்.

அவர் டிரிப் செட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பிள்ளைகளுக்கு ஒண்ணுமில்ல, சோலைமலை" என்றார். "அட்டெண்டருங்களுக்குத்தான் இன்னும் கொஞ்ச நாள் வேணும்."